வீரம்மாவின் கன்னம்

அழகம்மா என்று பெயர் வைத்துக்கொண்டு அழகுக்கடையில் வேலை பார்த்தால் ஊர் சும்மா விடாது. மடவளையில் றலியா தாத்தாவின் மணப்பெண் சலூனுக்கு வருகிற பிள்ளைகள் என் பெயரைக் கேட்டதும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் எனக்கும் அவர் தாத்தாதான். கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவிலிருந்து இரண்டு பஸ் மாறி அந்தக் கடைக்குப் பதினோரு வருடம் போய் வந்திருக்கிறேன். புருவம் எடுப்பது, முகம் கழுவி மாவு பூசுவது, மருதாணிக் கையைக் காயவைப்பது எல்லாம் என் வேலை. ஒரு முகத்தைப் பார்த்தால் எதை மறைக்கலாம், எதை எடுத்துக் காட்டலாம் என்றுதான் என் புத்தி போகும். சொந்தக்காரி முகமானாலும் அப்படித்தான் போனது. இதில் நான் செய்த முதல் பிழை அது.

ஞானேஸ்வரி என் அத்தை மகள். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நாவலப்பிட்டிக்கு மேலே எங்கள் தோட்டத்து லயத்தைக் கொளுத்தியபோது எனக்கு ஒன்பது வயது. இரண்டு நாள் தேயிலைக்குள் ஒளிந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தால் சுவர் மட்டும் நின்றது. இனி இந்த மலையில் கண் மூடமாட்டோம் என்று சொல்லி அத்தையும் மாமாவும் வடக்கே லொறி ஏறினார்கள். கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறினார்கள். அடுத்த வருடம் அங்கேதான் ஞானேஸ்வரி பிறந்தாள். என் அப்பா ராஜலிங்கம் மட்டும் போகமாட்டேன் என்று இதே மலையில் கிடந்தார். ஆக ஒரே இரத்தத்தில் பிறந்தும் நாங்கள் "ஆமாங்க" என்றோம், அவர்கள் "ஓம்" என்றார்கள்.

இரண்டாயிரத்து ஆறு கடைசியில் அத்தையின் கொட்டில்மேல் ஷெல் விழுந்தது. மாமா அதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டார். அத்தை அந்த இடத்திலேயே போய்ச் சேர்ந்தார். ஞானேஸ்வரியின் இடது கன்னத்தில் ஓர் இரும்புத் துண்டு புகுந்து சதையை அள்ளிக்கொண்டு போனது. வவுனியா ஆஸ்பத்திரியில் தைத்து அனுப்பினார்கள். பங்குனி மாதம் ஒரு பிளாஸ்டிக் பையோடு என் வாசலில் வந்து நின்றாள். கன்னத்தில் என் கட்டைவிரலை வைத்தால் அப்படியே பொருந்தும் அளவுக்கு ஒரு குழி.

அந்த நாளில் கிளிநொச்சி விலாசம் போட்ட அடையாள அட்டையும் முகத்தில் தழும்பும் ஒன்றாக இருந்தால் புலி என்று பிடிக்க வேறு சாட்சி தேவையில்லை. எங்கள் வீட்டுக்குக் கீழே வாடகைக்கு இருந்த ஒரு பையனைச் சுற்றிவளைப்பில் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். முதுகில் தீக்காயம் இருந்தது. சின்ன வயதில் கொதித்த எண்ணெய் கொட்டியது என்று அவன் அம்மா காலில் விழுந்து சொன்னார். கேட்டுக்கொண்டே ஜீப்பில் ஏற்றினார்கள். அந்த அம்மா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

என் தங்கை வீரம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் அப்போது இரண்டு வருடம். பாஸ்போர்ட் அவளோடு போய்விட்டது, அடையாள அட்டை என் அலுமாரியில் கிடந்தது. கிராம சேவகர் வைத்திருக்கும் பட்டியலிலும் அவள் பெயரை நான் வெட்டவில்லை. அட்டையை எடுத்து ஞானேஸ்வரியின் முகத்தோடு சேர்த்துப் பார்த்தேன். அதே நெற்றி, அதே தாடை, எங்கள் பாட்டன் சொத்தாக எல்லோருக்கும் கொடுத்துவிட்டுப் போன அதே சப்பை மூக்கு. ஒரே ஒரு வித்தியாசம்தான். வீரம்மாவின் கன்னம் இரண்டும் வாய்க்குள் சர்க்கரைத் துண்டை ஒதுக்கியதுபோல் உப்பியிருக்கும். அந்தக் குழி நிரம்பினால் இவள் வீரம்மா. நிரம்பாவிட்டால் பிடிபட வேண்டியவள். அகப்பட்டால் அட்டை கொடுத்த குற்றத்துக்கு நானும் கூடவே உள்ளே போக வேண்டியதுதான்.

கன்னத்துக்கு முன்னால் நாக்கைச் சரிசெய்யத் தொடங்கினேன். மூன்று வாரம் அவளை வீட்டை விட்டு வெளியே விடவில்லை. ஓம் இல்லை, ஆமாங்க. வாறன் இல்லை, வர்றேன். மச்சாள் இல்லை, அக்கா. இந்தக் கடைசியில்தான் அதிகம் தடுக்கினாள். மச்சாள் என்று வாய் தவறிக் கூப்பிடும்போதெல்லாம் தலையில் குட்டினேன். பிறகு எங்கள் தோட்டத்தின் பெயர், லயத்து இலக்கம், கங்காணியின் பெயர், கோயில் திருவிழா எந்த மாதம், பள்ளிக்கூட வாத்தியாருக்கு எந்தக் கால் நொண்டி என்று ஒன்று விடாமல் ஓதினேன்.

குளவிக் கதையையும் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாயிரமாம் ஆண்டு கொழுந்து பறிக்கும்போது மரத்திலிருந்து குளவிக்கூடு கலைந்து பத்துப் பதினைந்து பெண்களைக் கொட்டிவிட்டது. மற்றவர்கள் வீக்கத்தோடு தப்பினார்கள். வீரம்மாவுக்கு மட்டும் மூச்சு நின்றது. ஊசிமேல் ஊசி போட்டு மூன்றாம் நாள்தான் கண் திறந்தாள். எங்கள் தோட்டத்தைத் தெரிந்த எவனும் அதைக் கேட்காமல் இருக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். அதனால் வாய்ப்பாடு போல் ஒப்பிக்க வைத்தேன். நான் கங்காணிக் குரலில், "ஏம்மா, ஒனக்குக் குளவி கொட்டுனதாமே?" என்பேன். அவள் தலையைக் குனிந்து, "ஆமாங்க, ரெண்டாயிரத்துல. மூச்சே நின்னுருச்சு," என்பாள். அந்த இடத்தில் கொஞ்சம் கண் கலங்க வேண்டும் என்று சொன்னேன். கலங்கிக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் வந்த பிறகு அந்த வீட்டில் சிரித்தது அது ஒன்றுக்குத்தான்.

றலியா தாத்தா அதற்கு முந்தைய வருடம் துபாயில் ஆறு கிழமை அழகுக்கலை படித்துவிட்டு வந்திருந்தார். படித்ததற்குச் சான்றிதழ் ஒன்றைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அந்தச் சித்திரையில்தான் குளிர்சாதனப் பெட்டியில் சின்னச் சின்ன ஊசிக்குழாய்கள் வந்து சேர்ந்தன. தெளிந்த பசைபோல் ஒரு மருந்து. உதட்டில் ஏற்றினால் உதடு தடிக்கும், கன்னத்தில் ஏற்றினால் கன்னம் எழும்பும், ஒரு வருடம் நிற்கும். பணக்கார வீட்டுப் பெண்கள் சுருக்கத்தை நிரப்ப வந்தார்கள். அந்த ஊசியைப் பார்த்த அன்றே என் மனதில் ஞானேஸ்வரியின் குழி வந்துவிட்டது.

முழுக்கதையையும் சொன்னேன். றலியா தாத்தா எழும்பிக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து குழாய்களை எண்ணிப் பார்த்தார். பிறகு வெள்ளிக்கிழமை கடை பூட்டியிருக்கும்போது கூட்டி வரச் சொன்னார். முன்பின் ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று கேட்க அவருக்கும் தோன்றவில்லை, சொல்ல எங்களுக்கும் தெரியவில்லை. பெரிய கண்ணாடிக்கு முன் உட்கார வைத்து நாலைந்து இடத்தில் குத்தினார். குழி மெல்ல மெல்ல எழும்பியது. ஞானேஸ்வரி கண்ணாடியைப் பார்த்தாள். ஷெல் விழுந்த நாளிலிருந்து அழாதவள் அன்றைக்குத்தான் அழுதாள். தன் அம்மாவின் முகம் வந்துவிட்டது என்றாள். நான் அட்டையை எடுத்துப் பார்த்தேன். எனக்கு அங்கே வீரம்மா இருந்தாள்.

திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆமிக்காரன் அட்டையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான். அவ்வளவுதான். எனக்கு என்னவோ நான் பரீட்சை பாஸ் பண்ணியதுபோல் தலை கனத்துவிட்டது. அன்று இறைச்சி வாங்கிச் சமைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் கன்னம் அரிக்கிறது என்றாள். மறுநாள் சிவந்தது. றலியா தாத்தா பூச்சு மருந்தும் அரிப்பை அடக்கத் தடிமல் மாத்திரையும் கொடுத்து ஐஸ் வைக்கச் சொன்னார். அரிப்பு தொடங்கி நாலாம் நாள் காலையில் இடது கண் திறக்கவில்லை. கன்னம் பழுத்த தக்காளிபோல் மினுங்கியது. தொட்டால் கொதித்தது.

றலியா தாத்தா எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் மருந்துப் பெட்டியின் மூடி. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு என்னிடம் சொன்னார். "பெரிய ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போங்க. இந்த மூடியக் காட்டுங்க. ஏன்ட பேரையும் சொல்லுங்க, பரவாயில்ல. ஒண்டையும் மறைக்க வாணாம், அழகம்மா. மறைச்சா மருந்து பிழையாப் போயிரும்."

தன் கடை போனாலும் போகட்டும் என்று ஒரு மனுஷி சொன்னார். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கண்டி ஆஸ்பத்திரியில் தோல் வைத்தியர் டொக்டர் பரமநாதன். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், மெலிந்த ஆள். மூடியை வாங்கி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வாசித்தார். முகத்தை நிரப்ப ஏற்றியதை உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை, அதோடு சண்டை போடுகிறது என்று எனக்கு விளங்கும்படி சொன்னார். யார் ஏற்றினது என்று கேட்டார், சொன்னேன். தலையை ஆட்டினாரே தவிர ஒன்றும் எழுதவில்லை. ஆனால் எதற்காக ஏற்றினது என்று கேட்டபோது, கல்யாணம் பேசுகிறார்கள், சின்ன வயது அம்மைத் தழும்பு என்று சொல்லிவிட்டேன். தாத்தா மறைக்க வேண்டாம் என்று சொல்லி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை.

வாட்டில் கட்டில் கொடுத்த கையோடு ஆஸ்பத்திரிப் பொலிஸில் இருந்து ஒரு கொஸ்தாப்பல் வந்தார். முகத்தில் காயத்தோடு தமிழ்ப் பிள்ளை வந்திருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். விலாசத்தை வாசித்ததும் அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. அவர் நாவலப்பிட்டிச் சிங்களவர். எங்கள் தமிழை எங்களைப் போலவே பேசினார்.

அந்த நேரம் பார்த்து டொக்டர் வந்து கட்டிலின் காலடியில் நின்று, இவவுக்கு முந்தி மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா, தேனீ குளவி கொத்தி ஆபத்தாக வந்ததா என்று கேட்டார். நான் வாய் திறக்கும் முன் கொஸ்தாப்பல் முந்திக்கொண்டார்.

"அந்தத் தோட்டத்துல குளவி ஜாஸ்திதானே டொக்டர். ரெண்டாயிரத்துல ஒரு கூட்டமே வந்துச்சு. நான்தான் வேன்ல ஆளு ஏத்துனேன்." அட்டையைக் கையில் வைத்தபடி அவள் பக்கம் குனிந்தார். "நங்கி, தங்கச்சி, நீயும் அதுல இருந்தியா?"

ஞானேஸ்வரி ஒற்றைக் கண்ணால் அவரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்தாள்.

"ஆமாங்க. மூச்சே நின்னுருச்சு."

குரல் அவ்வளவு அசல். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள்கூட அப்படிச் சொல்லமாட்டாள். கண்ணும் கலங்கியது. கொஸ்தாப்பல் பாவப்பட்டு அட்டையைத் தலையணையில் வைத்துவிட்டு வெளியே போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் பிள்ளை சபையில் பாட்டுப் பாடி இறங்கியதுபோல் நின்றேன். டொக்டர் மட்டும் பேனையை மாற்றி, கட்டில் சீட்டில் சிவப்பு மையால் என்னவோ எழுதினார்.

மத்தியானம் அவர் திரும்ப வந்தார். தாதி மிஸ்ஸை எங்கோ அனுப்பிவிட்டு ஒரு கதிரையை இழுத்துக் கட்டிலோடு போட்டு உட்கார்ந்தார். குரலை இறக்கி, தன் ஊர்த் தமிழிலேயே பேசினார்.

"கண் வாட்டிலை ஒரு மருந்து கிடக்கு. அதை இதுக்குள்ளை ஏத்தினால் நிரப்பினது எல்லாம் ரெண்டு நாளிலை கரைஞ்சுபோகும். கரைஞ்சால் உடம்பு சண்டையை விட்டிடும். ஆனால் குளவி கொத்தி மூச்சு நிண்ட ஆக்களுக்கு அதைப் போட எனக்குப் பயம். ஆளே போயிடுவினம். அதுதான் இன்னொருக்காக் கேக்கிறன். அவசரமில்லை. யோசிச்சுச் சொல்லுங்கோ. உண்மையாக் கொத்தினதோ?"

வாட்டுக் கதவுக்கு வெளியே வாங்கில் கொஸ்தாப்பலின் தொப்பி தெரிந்தது. நான் அந்தத் தொப்பியைப் பார்த்தேன். டொக்டரைப் பார்த்தேன். இந்த மனிதர் ஏன் சந்தேகப்படுகிறார், ஏன் குரலை இறக்குகிறார் என்றுதான் என் புத்தி ஓடியது. அரசாங்க உத்தியோகக்காரர். தமிழர் என்றால் அவருக்குப் பயம் இன்னும் அதிகம் இருக்கும். காட்டிக் கொடுக்காவிட்டால் அவர் தலைக்கே வந்து முடியும். இல்லை என்று இப்போது சொன்னால், காலையில் சொன்னது பொய். அது பொய்யென்றால் தோட்டம் பொய், அட்டை பொய். மாத்திரையிலும் வீக்கம் வற்றாதா என்ன, கொஞ்சம் சுணங்கும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

கட்டிலில் ஞானேஸ்வரியின் உதடு பிரிந்தது. வீக்கத்தில் எச்சில் விழுங்கக் கஷ்டப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டு நானே பதில் சொன்னேன்.

"ஆமாங்க டொக்டர். சத்தியமா கொட்டுச்சு. நான்தானே பக்கத்துல இருந்தேன். ஒடம்பெல்லாம் நீலமாயிருச்சு. செத்துட்டான்னே நெனச்சோம்."

நீலமானதை யாரும் கேட்கவில்லை. என் கைவரிசையாக நானே சேர்த்துச் சொன்னேன். டொக்டர் சரி என்று எழும்பிப் போனார்.

குளிசையும் ஊசியுமாக வைத்தியம் நடந்தது. மூன்றாம் நாள் வீக்கம் பாதியாக இறங்கியது, கண் திறந்தது. நான் கெட்டிக்காரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆறாம் நாள் முன்னைவிட மோசமாக ஏறியது. காய்ச்சல் வந்தது. கன்னத்துக்குள் சீழ் கட்டிவிட்டது. எட்டாம் நாள் தோல் கறுத்து ஒரு இடத்தில் தானாகவே வெடித்தது. அந்த வாடையைத் தாங்க முடியாமல் பக்கத்துக் கட்டில்காரி வேறு இடம் கேட்டுப் போனாள். ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோய் வெட்டினார்கள். பசையும் சீழும் செத்த சதையும் சேர்த்து வழித்து எடுத்தார்கள்.

மயக்கம் தெளிகிற நேரம் நான் பக்கத்தில் இருந்தேன். டொக்டரும் நின்றார். கண்ணை மூடியபடியே ஞானேஸ்வரி கத்தினாள்.

"அம்மா, பங்கருக்கை வாங்கோ. வாங்கோ அம்மா. அதை விட்டிட்டு வாங்கோ."

பங்கர் என்றால் பதுங்குகுழி, அந்தச் சொல்லே அவளை வடக்கென்று காட்டிக் கொடுத்துவிடும். வாட்டில் ஆறு பேர் இருந்தார்கள். டொக்டர் சட்டென்று திரும்பி, மிஸ்ஸிடம் சிங்களத்தில் சத்தமாக ஏதேதோ கேட்கத் தொடங்கினார். பஞ்சு எங்கே, சேலைன் ஏன் ஓடவில்லை என்று அந்த அமைதியான மனிதர் ஏசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவள் குரல் அடங்கும்வரை ஏசினார். பிறகு என்னை வெளியே வரச் சொன்னார்.

தாழ்வாரத்தின் கோடியில் யன்னலோரம் நின்றோம். கொஸ்தாப்பல் அன்றைக்கு இல்லை.

"அவவுக்குக் குளவி கொத்தினதே இல்லை, என்ன?" என்று கேட்டார்.

"இல்லீங்க," என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், திரும்பவும் கழற்றினார்.

"நான் தனியத்தானே வந்து கேட்டனான்," என்றார். "ஒரு சின்ன ஊசி. முதல் நாளே போட்டிருப்பன்."

"ஒங்கள எப்படிங்க நம்புறது?"

வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். தன்னையும் வாரத்தில் நாலு நாள் காரை விட்டு இறக்கித்தான் அட்டை பார்க்கிறார்கள் என்றும், போன மாதம் மகளையும் இறக்கினார்கள் என்றும் சொன்னார். பிறகு, நீங்கள் நம்பாதது பிழையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்றார். இனி அந்த மருந்தைப் போட்டுப் பயனில்லை, போன சதை போனதுதான் என்றும் சொன்னார்.

இரண்டு கிழமை கழித்து டிக்கட் வெட்டி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கட்டை அவிழ்த்தபோது நான் பார்த்தேன். முகத்தைத் தொழிலாக வைத்திருக்கிறவள், பார்க்காமல் இருக்க முடியாது. முந்தி விரல் வைக்கிற அளவு இருந்த குழியில் இப்போது சின்னக் கிண்ணத்தை வைக்கலாம். கண்ணோரத்திலிருந்து தாடைவரை தோல் சுருங்கி இழுபட்டிருந்தது. கீழ் இமை இறங்கி, இடது கண் முழுதாக மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எந்தப் பூச்சிலும் இதை மறைக்க முடியாது. இனி அவள் வீரம்மாவாக முடியாது, ஞானேஸ்வரியாகவும் முடியாது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவளிடம் கண்ணாடி கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

டொக்டர் வீட்டுக்குக் கொண்டுபோகிற துண்டுச் சீட்டை எழுதினார். ஆங்கிலத்தில் எழுதி, கீழே சிங்களத்திலும் எழுதினார். அப்படி அவர் எழுதிப் பார்த்ததில்லை என்று மிஸ் சொன்னார். முத்திரையை இரண்டு தரம் குத்தினார். ராஜலிங்கம் வீரம்மா, குளவி கொட்டி முகம் வீங்கிச் சீழ் பிடித்தது, வெட்டி வைத்தியம் செய்யப்பட்டது, தழும்பு நிரந்தரம். அப்படித்தான் அதில் இருந்தது.

"இதைத் தேவையான இடத்திலை காட்டச் சொல்லுங்கோ," என்றார். "ஏற்கெனவே சொன்ன பொய்தானே. இனியாவது உதவட்டும்."

பஸ்ஸில் அவளை யன்னல் பக்கம் உட்கார வைத்தேன். நகரம் தாண்டுமுன் சாவடி வந்தது. எல்லோரும் இறங்கினோம். ஆமிக்காரன் சின்ன வயதுக்காரன். அட்டையில் உப்பிய கன்னத்தைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். திரும்ப அட்டையைப் பார்த்தான். பின்னால் நின்ற பெரியவனைக் கூப்பிட்டான்.

ஞானேஸ்வரி துண்டை நீட்டினாள். பெரியவன் வாங்கிச் சிங்களத்தில் இருந்ததை வாய்க்குள் வாசித்தான். குளவியா என்று கேட்டான். அவள் தலையைக் குனிந்து ஆமாங்க என்றாள். அவன் உச்சுக் கொட்டி "பவ்" என்றான். பாவம் என்று அர்த்தம். அட்டையையும் துண்டையும் அவனே மடித்து அவள் கையில் வைத்துவிட்டு, எங்களை முதலில் ஏறச் சொன்னான்.

பஸ் ஓடத் தொடங்கியது. பிழைத்துவிட்டோம், எப்படியோ பிழைத்துவிட்டோம் என்று அவள் கையைப் பிடித்து அமத்தினேன். மூடாத கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. கைக்குட்டையால் ஒற்றிவிட்டேன்.

"மச்சாள்," என்றாள்.

இத்தனை நாளாக அக்கா என்றே கூப்பிட்டவள். யாருக்காவது கேட்டுவிட்டதா என்று முன்னும் பின்னும் பார்த்தேன். அவள் வெளியே பார்த்தபடி மெதுவாகத்தான் பேசினாள். குரலில் கோபமே இல்லை.

"அண்டைக்கு டொக்டர் ரெண்டாந்தரம் கேக்கேக்கை, இல்லையெண்டு சொல்லத்தான் நான் வாயெடுத்தனான். நீங்கள் முந்திட்டியள்."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது. அன்றைக்கு அவள் உதடு பிரிந்த காட்சி என் கண் முன்னால் வந்து நின்றது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் பேசினேன். அவள் அழுகிறாளா, அந்தக் கண் தானாக வடிக்கிறதா என்றும் எனக்குத் தெரியவில்லை. கைக்குட்டையை அவள் மடியில் வைத்தேன். அவளே எடுத்துத் துடைத்துக்கொண்டாள். கொண்டக்டர் அம்பிட்டிய என்று குரல் கொடுத்தான். நாங்கள் இறங்கினோம்.